கோட்டைச் சுவரிலிருந்து விழுந்தவர்

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன மறு வருஷம் நடந்தது இது. அப்போது நாங்கள் திருவேட்டக்குடியில் இருந்தோம். என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். சிலம்பத்தில் அவரை அடிக்க எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. சினிமாவில் சண்டை போட ஆட்கள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, மதராஸுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டார்.

முதல் தடவை ஊருக்கு வந்தபோது ஒரே குறைதான். "கம்பு மேல படவே கூடாதாம் புள்ள. ஒரு முழம் தள்ளி வீசணும், எதிராளி தானா 'ஆ'ன்னு விழணும். இதப் பாத்தா நம்ம ஊருல சிரிக்க மாட்டாங்களா?" என்பார். பார்க்கிறவர்களுக்கு நிஜமாகத் தெரிய வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு வெறியே இருந்தது.

அந்த வெறிதான் அவரைப் படுக்கையில் தள்ளியது. ஒரு படத்தில் எதிரிப் படைவீரன் அடிபட்டுக் கோட்டைச் சுவரிலிருந்து விழ வேண்டும். அதற்காக ஒரு வைக்கோல் பொம்மைக்கு வேஷம் கட்டி வைத்திருந்தார்களாம். "பொம்மை விழுந்தா பொம்மையாத்தான் தெரியும், நான் விழறேன்" என்று இவரே கேட்டு ஏறியிருக்கிறார். கீழே குவித்திருந்த மணலைத் தாண்டி விழுந்துவிட்டார். இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

எட்டு மாதம் கழித்து அந்தப் படம் காரைக்காலுக்கு வந்தது. தான் நடித்த படம் அதுதான் என்று யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். ஊர்க்காரர்கள் தாங்களாகவே அடையாளம் கண்டு ஓடி வருவார்கள் என்று ஆசை. "நீ போய்ப் பாரு. சனங்க என்ன பேசிக்கிறாங்கன்னு காதுல வாங்கிட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்குத் தெருப் பெண்கள் வண்டி கட்டினார்கள். நானும் போனேன். அவர் முகம் தெரியவே இல்லை. ஆனால் இடது கையில் கம்பு சுழன்றதைப் பார்த்ததும் கண்டுகொண்டேன். அவர் இடதுகைக்காரர். சுவர் மேல் இரண்டு அடி பின்னால் வைத்தார். விழுந்தார். அவ்வளவுதான் காட்சி. என் புருஷன் தன் காலில் நின்றதை நான் கடைசியாகப் பார்த்தது அங்கேதான்.

பின்னாலிருந்து ஒரு பெண் சிரித்தாள். "வைக்கோல் பொம்மைடி! மனுசன்னா கையக் கால ஒதற மாட்டானா? கட்டையாட்டம் விழுது பாரு!" சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள், என்னோடு வந்தவர்களும்தான். பழகின உடம்பு இறுக்கிக்கொண்டுதான் விழும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? 'அது என் புருஷன்' என்று திரும்பிச் சொல்ல வாயெடுத்தேன். வாயை மூடிக்கொண்டு திரையையே பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டுக்காரரை விட்டு முகச்சவரம் செய்துகொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். யாராவது வருவார்கள் என்று.

"பொம்மைன்னு யாரும் சொல்லலியே?" முதல் கேள்வியே அதுதான்.

"இல்லீங்க. விசிலடிச்சாங்க. பொம்பளைங்க 'ஐயோ'ன்னு கத்திட்டாங்க."

அன்றைக்கு இரண்டு வாய் கூடவே சாப்பிட்டார்.

இரண்டு நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், முன்பு அவரோடு கடலுக்குப் போய்வந்த ஒருவர் பார்க்க வந்தார். பேச்சோடு பேச்சாக, "அண்ணே, அந்தப் படத்துல ஒரு பொம்மையத் தூக்கிப் போடுறான் பாருங்க, கொட்டாயே சிரிச்சுது" என்றார்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிறகு, "அப்படியா" என்று வந்தவரோடு சேர்ந்து சிரிக்கப் பார்த்தார்.

அதற்கப்புறம் வெளியே என்ன நடக்கிறது என்று என்னிடம் கேட்பதையே விட்டுவிட்டார். ஐப்பசி மழையில், முதுகுப் புண்ணும் காய்ச்சலுமாகப் போய்ச் சேர்ந்தார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து அழுதிருப்போம், அவ்வளவுதான். அந்த அழுகையை அவர் தனியாக அழும்படி விட்டவள் நான் என்பதை இத்தனை வருஷம் கழித்தும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.