நூம்பல் புற்று பறக்க வேண்டிய மாலை

கட்டெறும்பு எப்போது பறக்கும் என்று குறித்து வைக்கச் சம்பளம் கொடுப்பார்கள் என்பதை என் மாமியார் கடைசிவரை நம்பவில்லை. ஆவடி முதல் பூந்தமல்லி வரை பதினான்கு புற்றுகள் என் பொறுப்பு. வருடத்தில் ஏதோ ஒரு மாலை, மழை விட்டுப் புழுங்கும்போது, சிறகு முளைத்த ராணிகளும் ஆண்களும் ஜோடி சேர வெளியே பறக்கும். அந்த நாளையும் நேரத்தையும் ஆய்வுப் படிவத்தில் எழுத வேண்டும்.

நூம்பலில் ஒரு ஃபிளாட் வளாகத்தின் புங்கமரத்தடியில் இருந்த புற்று என்னை இரண்டு வருடம் ஏமாற்றியது. நான் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காத்துக் கிடந்த நாளில்தான் அது பறந்து முடிக்கும். மூன்றாம் வருடம் விடுவதில்லை என்றிருந்தேன். ஒரு நாள் மாலை போய்ப் பார்த்தால், வாசலில் வேலைக்கார எறும்புகள் மொய்த்திருந்தன. உள்ளேயிருந்து சிறகுகள் எட்டிப் பார்த்தன. மறுநாள் நிச்சயம்.

தலைகால் புரியாத சந்தோஷத்தில், என்னையும் சேர்த்திருந்த வளாகத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்: "நாளை மாலை புங்கமரத்தடியிலிருந்து எறும்புகள் பறக்கும். ஆறு முதல் ஏழரை வரை பால்கனி விளக்கை அணைத்து வையுங்கள்." விளக்கைத் தேடிப் போனால் அவை வீணாகச் செத்துவிடும். அதற்காகத்தான் சொன்னேன்.

மறுநாள் ஐந்து மணிக்கு கேட்டில் நுழையும்போதே மருந்து நெடி மூக்கில் ஏறியது. மரத்தடியில் வாட்ச்மேன் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம், இப்ப வர்றீங்க? மத்தியானமே மருந்து அட்ச்சிட்டாங்களே."

அதற்குள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் இறங்கி வந்தார். கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை, தங்கமான மனிதர்.

"ரொம்ப தேங்க்ஸ்ங்க மேடம். நீங்க மட்டும் நாள் சொல்லலைன்னா எல்லா வீட்டுக்குள்ளயும் பூந்திருக்குமுங்க. உங்க மெசேஜ பாத்ததும் பெஸ்ட் கன்ட்ரோல்காரங்கள வரச் சொல்லிட்டோமுங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் நன்றி சொன்னார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் என்னுடையது, கெட்டது அவை.

வாட்ச்மேன் முறத்தைக் காட்டினார். "எல்லாத்துக்கும் ரெக்க கீது மேடம். ஒண்ணுகூட பறக்கல."

படிவத்தில் 'பறக்காததற்குக் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. காற்று, மழையில்லை என்று எழுதுவோம். அன்று என் பெயரை எழுதினேன்.

"என்னம்மா இது, தப்பான கட்டத்துல பேர் போட்டிருக்கீங்க?" என்றார் மேலதிகாரி.

"சரியான கட்டம்தான் சார்."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். புற்று எங்கே இருக்கிறது என்பதை, அது பறந்த பிறகு சொல்லுங்கள்.