சுடுகாற்று வந்த வழி

பம்பாய் சயானில், கொட்டும் மழையில், டாக்சிக்காரர் முன்கண்ணாடியில் படிந்த மூட்டத்தைக் கலைக்க ஹீட்டரைத் திருகினார். தூசி கருகும் வாசனை. அவ்வளவுதான். "காச் நீச்சே கரோ பாய்" என்று கத்தி, என் பக்கத்துக் கண்ணாடியை நானே இறக்கினேன். சாரல் முகத்தில் அடித்தது. பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் அவர் என்னைப் பார்த்தார்.

மாட்டுங்காவுக்குப் போய்க்கொண்டிருந்தேன், கேப்டன் வீட்டுக்கு. தாராவியிலிருந்து கிளம்பிப்போய் நான் சிறிய விமானங்களுக்கு மெக்கானிக்காக இருந்த காலத்தில் அவர் எங்கள் விமானி. அவர் ஓட்டியது என்னைவிட வயதான விமானம். அதில் தனி ஹீட்டர் கிடையாது. எஞ்சினின் புகைக்குழாயைச் சுற்றி ஒரு தகர உறை. நடுவே புகும் காற்று குழாயின் சூட்டை வாங்கிக்கொண்டு காலுக்கும் கண்ணாடிக்கும் வரும். குழாய் விரிசல் விட்டால் புகையின் விஷமும் அதே வழியில் வரும், வாசனையே இல்லாமல். அதனால் வருடாந்திரச் சோதனையில் உறையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அந்த வருடம் நான் கழற்றவில்லை. திருகுகள் இறுகிக் கிடந்தன, புழுக்கம், கை வரவில்லை.

"ஹீட்டர் உறையைக் கழட்டிப் பாத்தியாடா?" என்று கேட்டார் கேப்டன்.

"பம்பாயில எவன் சார் ஹீட்டர் போடுவான்? வேர்த்து ஊத்துறது பத்தலையா உங்களுக்கு?"

சிரித்துவிட்டார். "சரிடா, நீ சொன்னா சரி."

குளிருக்கு மட்டுமல்ல, மழைக்கும் ஹீட்டர் குமிழை இழுப்பார்கள் என்பது என் மண்டையில் ஏறவில்லை. ஜூலையில் மலை தாண்டி வரும்போது கண்ணாடி உள்பக்கம் வேர்த்து மறைத்திருக்கிறது, இழுத்திருக்கிறார். கண்ணாடி தெளிந்தது, அவர் மங்கினார். ஓடுபாதை தவறி வாய்க்காலில் மூக்குக் குத்தி நின்ற விமானத்திலிருந்து தூக்கி இறக்கியபோது முகம் சிவந்து, வாந்தியெடுத்து, நாக்குக் குழறினார். குடித்திருக்கிறார் என்றார்கள். ரத்தத்தில் மது இல்லை என்று காகிதம் வந்தது. காகிதத்தை யார் படித்தார்கள்? புகையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நொறுங்கிய எஞ்சினைப் பிரித்தவன் நான். குழாயில் தலைமுடி அளவு விரிசல், உறைக்குள் கரி. பார்த்தேன். வேலை போய்விடும் என்ற பயத்தில் பழைய இரும்போடு இரும்பாகப் போட்டேன்.

அவர் அப்புறம் பறக்கவேயில்லை. தன் கையைத் தானே நம்ப முடியவில்லை என்றார். அவர் மனைவி, மாமி, அவரை நம்பினாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கேப்டன் எங்கே போய்விட்டு வந்தாலும், செருப்பைக் கழற்றுமுன், சட்டைப் பொத்தானைச் சரிசெய்கிற பாவனையில் மாமி நெருங்கி அவர் வாயை முகர்ந்து பார்ப்பார். நான் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கேப்டன் மூச்சை ஊதிக் காட்டிவிட்டு என்னிடம் கண்ணடிப்பார். "தினமும் டெஸ்ட்டு. பாஸ் பண்ணிண்டே இருக்கேன்." நானும் சிரிப்பேன். பதினெட்டு வருடம் அப்படிச் சிரித்திருக்கிறேன்.

மாமி போய் ஒரு மாதமாகிறது. துக்கத்துக்குப் போனபோதும் நான் வாய் திறக்கவில்லை. இந்த மழையில், சொட்டச் சொட்ட அவர் முன் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பு கேட்க முகமில்லை, கேட்கவில்லை. அவர் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். தலையைத் துவட்டினேன். கிளம்பினேன். லிஃப்ட் வரை கூடவே வந்து, கம்பிக் கதவை இழுத்து மூடும்போதுதான் பேசினார்.

"ஒரு மாசம் முன்னாடி வந்திருக்கப்படாதாடா? அவ இருந்தாளே."