ஜெயவேலின் காக்கிச் சட்டை

எங்கள் வியாசர்பாடிக் குடியிருப்பில் பக்கத்து வீடு தாயம்மா அக்காவுடையது. கணவர் ஜெயவேல் கொடுங்கையூர் குப்பைமேட்டில் வேலை செய்தவர். குளிக்காமல் ஒருநாளும் வீட்டுக்குள் நுழைந்ததில்லை. அவர் இறந்தபின், வெள்ளிதோறும் அவருடைய காக்கிச் சட்டையைத் துவைத்துக் காயப்போடுவது அக்காவின் வழக்கம்.

இதைக் கேட்டு எழுதிக்கொண்டு போன எழுத்தாளர் ஒருவர், 2003இல் தன் நாவலோடு வந்தார். அக்காவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். ஜெயவேல் என்ற பெயரைக்கூட அவர் மாற்றவில்லை. ஆனால் நாவலில் மனைவி, துவைக்காத சட்டையை முகர்ந்தபடி தூங்குகிறாள். குப்பை நாற்றம்தான் அவளுக்குப் புருஷன் வாசனையாம்.

“நான் இன்னா சொன்னேன், நீ இன்னா எழுதிக்கீற?” என்றார் அக்கா.

“கதைக்கு ஒரு மண்வாசனை வேணும்லம்மா” என்று எழுத்தாளர் சிரித்தார்.

அக்கா கொடியிலிருந்த சட்டையை எடுத்து அவர் கையில் திணித்தார். “மோந்து பாரு. எங்கனா நாறுதா?”

முகர்ந்தார். “சோப்பு வாசனைதான் வருது.”

“சாவுற வரைக்கும் அந்த மனுசன் நாறாம வாழ்ந்தாரு. நீ நாறவெச்சிட்டியே, கலீஜ் புடிச்சவனே! எய்ந்து போ.”

அவர் போனதும், அக்கா அந்தச் சட்டையை மறுபடியும் சோப்புப் போட்டுத் துவைத்தார்.