கிளஃபீராவின் இமைமுடி

இது நடந்தது. ரிம்மா இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறாள். கேட்டால் மறுக்கமாட்டாள்.

மாஸ்கோவுக்குத் தெற்கே, பைன் காட்டுக்குள் ஓர் ஆய்வுக்கூடம். இரண்டு வைரமுனைகளுக்கு நடுவே லாந்தனம் என்ற உலோகத்தின் ஒரு துகளை வைத்து, ஹைட்ரஜனை அடைத்து, திருகி நெரிப்பார்கள். லேசரால் சுடுவார்கள். வாய்த்தால், குளிரவைக்கும்போது மின்தடை அடியோடு மறைந்துவிடும். குளிர் எவ்வளவு குறைவாகத் தேவைப்படுகிறதோ, அவ்வளவு பெரிய வெற்றி. துகள் தூசியைவிடச் சிறியது. இடுக்கி உதவாது. தீக்குச்சி நுனியில் ஒட்டிய இமைமுடியால்தான் நகர்த்தவேண்டும். அவரவர் இமைமுடி. அடுத்தவர் குச்சியை யாரும் தொடுவதில்லை.

அங்கே ரிம்மாவோடு வேலை செய்த கிளஃபீராவுக்கு எப்போதும் வாய்த்தது. மார்ச்சில் அவள் செத்துப்போனாள். அப்புறமும் பேச்சு அவளைப் பற்றித்தான்.

"உன் கையில வைரம் சர்க்கரைக்கட்டி மாதிரி உடையுது, ரிம்மா," என்றார் தலைவர் ஆவெர்கி லுகிச், தேநீரை உறிஞ்சியபடி. "கிளஃபீரா கைன்னா..."

"செத்தவ கைக்கு இன்னும் எத்தனை நாள் முத்தம் கொடுப்பீங்க, ஆவெர்கி லுகிச்?"

டிசம்பர். ஞாயிறு, பகல் இரண்டு மணி. கூடத்தில் ரிம்மா மட்டும். கிளஃபீராவின் இழுப்பறையைத் திறந்தாள். குச்சியை எடுத்தாள். வெளிறிய முடி.

"இதை வெச்சே உன்னைத் தாண்டிக் காட்டறேன்."

நுண்ணோக்கியில் குனிந்தாள். மூச்சை அடக்கினாள். மூச்சுப் பட்டால் துகள் பறந்துவிடும்.

எதிரே மூச்சுச் சத்தம்.

எதிரே சுவர்தான் இருந்தது.

கை நடுங்கியது. துகள் நகர்ந்தது... வைரத்தின் நட்டநடுவில் போய் நின்றது.

திருகினாள். டிக்... உடையவில்லை.

லேசரால் சுட்டாள், குளிரவைத்தாள். மாலைக்குள் தடை இறங்கியது. பூஜ்யம். கிளஃபீராவுக்குத் தேவைப்பட்ட குளிர்கூட இவளுக்குத் தேவைப்படவில்லை. ரிம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாள், நுண்ணோக்கியின் கேமரா எடுத்த படத்தை ஆவெர்கி லுகிச் ஓட்டிப் பார்த்தார். ரிம்மா பிடித்திருந்த குச்சி ஓரத்தில் நடுங்கிக்கொண்டு நின்றது. துகளைத் தொடவே இல்லை.

சுவர்ப் பக்கத்திலிருந்து முடி வந்தது. குச்சி இல்லாமல். ஒன்றல்ல, ஒரு வரிசை. மெதுவாக இறங்கியது. துகளைத் தள்ளியது. மெதுவாக மேலே போனது.

மறுபடி இறங்கியது...

கண்ணிமை.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ரிம்மா... துகளை வெச்சது யாரு?"

அவள் உதடு வெளுத்திருந்தது.

"நான்தான்."

"படத்துல..."

"நான்தான் வெச்சேன், ஆவெர்கி லுகிச். என் பேரை எழுதுங்க."