கன்னி மூலையில் ஒரு பெட்டக அறை

கடைவீதியில் நடக்கும்போது மாமா கடைகளைப் பார்க்கமாட்டார். அண்ணாந்து வங்கிகளின் நீலக் கண்ணாடி முகப்புகளையே பார்ப்பார். ஓசூருக்கு நகரக் களை வந்தது ஆலைகளால் அல்ல, வங்கிகளால்தான் என்பது அவர் கட்சி. எனக்கும் அதில் பாதி சரியென்றே படுகிறது. ஆலை மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. வங்கிதான் வீதிக்கு வந்து முகம் காட்டுகிறது. ஒரு கிளை வந்துவிட்டால், மறுவருஷமே பக்கத்து ஓட்டுவீட்டுக்காரரும் கண்ணாடி மாட்டிவிடுகிறார்.

அந்த முகம் தனக்கும் வேண்டுமென்று, ஆலை வேலையிலிருந்து ஓய்வுபெற்றபோது வந்த பணத்தையெல்லாம் கொட்டி, வங்கிக்கென்றே ஒரு கட்டடம் எழுப்பினார் மாமா. எந்த வங்கியும் வருவதாகச் சொல்லியிருக்கவில்லை. அப்போது நான் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"மொதல்ல அவங்கள ஒரு வார்த்த கேக்கலாம்ல மாமா?"

"போடா மாப்ள. கொட்டாய் போடாம எவனாச்சும் மாடு ஓட்டியாருவானா?"

பணம் தங்கும் இடம் கன்னி மூலைதான் என்றார் மேஸ்திரி. அங்கேயே, நெருக்கக் கம்பி கட்டி, பெட்டக அறையைக் கான்கிரீட்டில் வார்த்தார்கள்.

ஒருவழியாக ஒரு வங்கி அதிகாரி வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்து, "இதுக்கு அந்தப் பக்கம் என்னங்க?" என்றார்.

"சந்துங்க சார்."

"அப்ப ஆவாதுங்க. வெளிய இருந்து ஓட்ட போட்டுட்டா? ரூமு கட்டடத்துக்கு நடுவுல இருக்கோணும்."

அந்தக் கிளை எதிர்க் கட்டடத்துக்குப் போயிற்று.

பிறகு வந்த பேக்கரிக்காரர், சந்துப் பக்கம் வாசல் வைக்க அந்தச் சுவரை உடைக்கச் சொன்னார். துளைபோடும் இயந்திரம் அலறியது, ஊசி முறிந்தது, சுவர் அசையவில்லை. மாமா வேட்டியை மடித்துக்கொண்டு எதிர் வங்கிக்குள் ஓடினார். "சார், வாங்க சார்! ஓட்ட போட்டுருவாங்கன்னீங்களே, வந்து பாருங்க!" வரிசையில் நின்றவர்கள்கூட வெளியே வந்துவிட்டார்கள். பேக்கரிக்காரர் மட்டும், "அப்ப நான் வாசல எங்கங்க வெக்கறது?" என்று கேட்டபடி நின்றார். அன்றைக்கே போனவர்தான்.

இப்போது எதிர்க் கிளையும் புறவழிச்சாலைக்குப் போய்விட்டது. கண்ணாடியைக் கழற்ற ஒரு பகல்கூட ஆகவில்லை. பெங்களூரில் நான் வரைவதும் அப்படிப்பட்ட முகப்புகளைத்தான். போன வாரம் மாமா அழைத்தார். "மாப்ள, நடுவுல இன்னொரு ரூமு கட்டிட்டா வந்துருவாங்கல்ல?"

போனில் சொன்னால் கேட்கமாட்டார் என்று, மறுநாள் விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓசூருக்குப் பறந்தேன். எனக்கு முன்பே மேஸ்திரி வந்து, கட்டடத்துக்கு நடுவில் நூல் பிடித்துக்கொண்டிருந்தார்.