தங்கச் சுரங்கத்தில் ஒரு சொத்தைப் பல்

சுரங்கத்தில் இறங்குகிறவனுக்குக் கையும் காலும் முதுகும் திடமாக இருந்தால் போதும் என்று வேலைக்கு எடுக்கும்போது சொன்னார்கள். வாயும் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனவர்கள் யாராவது இதைப் படித்தால், என் கோபம் இன்னும் ஏன் ஆறவில்லை என்று உங்களுக்குப் புரியும்.

வாயைத் திற

அறுபதுகளில் கோலார் தங்கவயலில், நந்திதுர்க் பக்கம் ஒரு ஷாஃப்டில், அதாவது சுரங்கக் கிணற்றில், ட்ரில் அடித்துக்கொண்டிருந்தேன். ஷிஃப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்ததும் நேராக வீட்டுக்குப் போய்விட முடியாது. வரிசையில் நிறுத்திச் சோதனை போடுவார்கள். தலைமுடி, காது, விரல் இடுக்கு, கடைசியில் வாய். தங்கம் ஒட்டின கல் துணுக்கை நாக்குக்கு அடியில் வைத்துக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. அதனால் சோதனை மேல் எனக்குக் குறை இல்லை. சோதனை போட்ட சின்னப்பன் மேல்தான் குறை.

கீழே தூசியில் தொண்டை காயாமல் இருக்க எல்லோரும் புகையிலை அடக்குவோம். வீட்டுக்கு வந்தால் வாயைக்கூடக் கழுவாமல் படுத்துவிடுவேன். இருபது சொச்சம் வயதில் பல்லைப் பற்றி யார் நினைக்கிறார்கள்? என் கடைவாய்ப் பல்லில் ஓட்டை விழுந்தது எனக்கே தெரியாது. சின்னப்பன்தான் டார்ச் அடித்துக் கண்டுபிடித்தான். குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நல்ல எடமாத்தாண்டா ரெடி பண்ணி வச்சிகீறே."

உப்புத் தண்ணீர்

அன்றிலிருந்து பயம். செங்கல் தூளை விட்டுவிட்டுப் பல்பொடி வாங்கினேன். காலையிலும் படுக்கும் முன்பும் விளக்கினேன். என்னோடு ட்ரில் பிடித்த ஜோடி முனிரத்தினம், என்னைவிட மூத்தவன், பல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும். "மேல வந்ததும் உப்புத் தண்ணியில கொப்புளிச்சுடு தம்பி" என்று யோசனை சொன்னதும் அவன்தான். நல்லதற்குச் சொல்கிறான் என்று நம்பினேன்.

பாட்டிலில் உப்புத் தண்ணீர் கொண்டுபோய், கேஜை விட்டு இறங்கியதும் கொப்புளித்து ஓரமாகத் துப்பினேன். சின்னப்பன் ஓடிவந்தான். துப்பின இடத்தில் குந்திக்கொண்டு ஒரு குச்சியால் மண்ணைக் கிளறினான். வரிசை மொத்தமும் வேடிக்கை பார்த்தது. ஒன்றும் கிடைக்காத ஆத்திரத்தில் எழுந்து நின்று சொன்னான்: "செக்கிங்குக்கு முன்னாடி வாய் கழுவுறவனை இன்னிக்குத்தாண்டா பாக்கறேன்."

வீங்கின கன்னம்

பல்பொடி போட்டால் விழுந்த ஓட்டை மூடிக்கொள்ளுமா? ஒருநாள் கன்னம் பன்னு மாதிரி வீங்கிவிட்டது. கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்து வைத்துக்கொண்டுதான் கீழே போனேன். திரும்பும்போது முனிரத்தினம், "வலியோட நிக்காதப்பா, நீ எனக்கு முன்னால போ" என்று என்னை முன்னே தள்ளிவிட்டு அவன் பின்னால் நின்றான். அந்தக் காலத்தில் தினமும் அப்படித்தான்.

சின்னப்பன் பஞ்சைப் பிய்த்துப் பார்த்தான், விரலை விட்டு ஈறை அழுத்தினான். நான் போட்ட சத்தம் ஷாஃப்டுக்குள்ளேயே கேட்டிருக்கும். வரிசையில் நின்றவர்கள் நேரமாகிறது என்று கத்த ஆரம்பித்ததும், மற்றவர்களைச் சும்மா தட்டிப் பார்த்து, போ போ என்று அனுப்பிவிட்டான். வெளியே வந்து, இந்தச் சனியனைப் பிடுங்கிவிடப் போகிறேன் என்றேன். முனிரத்தினம் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "அத்த மட்டும் செய்யாதே தம்பி, பல்லைப் புடுங்குனா கண்ணு பூடும்."

பெங்களூர் டாக்டர்

எனக்கும் பல்லை இழக்க மனசில்லை. அந்த வயதிலேயே ஒரு பக்கம் பொக்கையாகிவிட்டால் சோறு எப்படித் தின்பது? ஆனால் சந்தேகம் என்று ஒருதரம் ஆபீசுக்கு அனுப்பினால் வேலை நிலைக்காது. ஓட்டையை அடைத்துவிட்டால் பல்லும் தங்கும், வேலையும் தங்கும் என்று கணக்குப் போட்டு மாரிகுப்பத்தில் ரயில் ஏறினேன்.

பெங்களூரில் அந்தப் பல் டாக்டர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். எந்த ஊர் என்று கேட்டார். கோலார் தங்கவயல் என்றேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, என் காதருகே குனிந்து கேட்டார்: "அடைக்கறதுக்கு நீங்களே ஏதாச்சும் கொண்டாந்திருக்கீங்களா?"

அடைப்பு

வெள்ளி மாதிரி ஒன்றை வைத்து அடைத்து அனுப்பினார். வலி நின்றது. மறுநாள் தைரியமாக வாயைத் திறந்து காட்டினேன். டார்ச் வெளிச்சத்தில் அது பளிச்சென்று மின்னியிருக்கிறது. சின்னப்பன் முகம் மாறிவிட்டது. டாக்டர் போட்டது என்று சொன்னேன். அவன் காதில் ஏறவில்லை. அதைப் பெயர்த்துக் காட்டு, இல்லையென்றால் ஆபீசுக்கு நட என்றான். "நேத்து ஓட்டை, இன்னிக்கு மூடி. மூடிக்கு அடியில இன்னாடா வச்சிகீறே?"

பின்னால் நின்றவன்

ஒருநாள் தவணை கேட்டு வாங்கிக்கொண்டு, அன்றைக்கே ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் பல் பிடுங்குகிறவனிடம் போய் உட்கார்ந்தேன். மறுநாள் பல்லையும் அதில் இருந்த அடைப்பையும் காகிதத்தில் மடித்துச் சின்னப்பன் கையில் கொடுத்தேன். அடைப்பைக் கல்லில் வைத்துத் தட்டிப் பார்த்தான்; வெறும் அடைப்புதான். வேலை பிழைத்தது. கண்ணும் போகவில்லை, இன்றைக்கும் நன்றாகத் தெரிகிறது.

அந்தக் கண்ணால்தான் அடுத்த விஷயத்தையும் பார்த்தேன். என் வாய் காலியானதிலிருந்து முனிரத்தினம் எனக்குப் பின்னால் நிற்பதில்லை. சுரங்கத்தில் வேறு ஆழத்தில், வேறு லெவலில் வேலை செய்த ஒருவனுக்குக் கன்னம் வீங்கியிருந்தது. முனிரத்தினம் இப்போது அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் நின்றான். சின்னப்பன் வீங்கின வாயைக் குடைந்து முடித்துவிட்டு, முனிரத்தினத்தின் வெள்ளைப் பல்லை எட்டிக்கூடப் பார்க்காமல் போ என்றான். கையும் களவுமாக நான் எதையும் பிடிக்கவில்லை, அதனால் திருடன் என்று சொல்ல மாட்டேன். வெளியே வந்ததும் கேட்டேன், "இன்னாண்ணே, இப்பல்லாம் என் பின்னால நிக்கறதில்ல?" அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்: "உன் வாயில இன்னா கீதுன்னு உன் பின்னால நிக்கறது?"

பல் போன அந்தப் பக்கம் போட்டு மெல்லுவதற்கு அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்தது அந்தச் சந்தேகம் ஒன்றுதான்.