எதிரி ஊரில் எங்கள் குவார்ட்டர்ஸ்

சித்திக்கு எதிரி ஊர் ஒன்றைக் கட்டும் வேலை கிடைத்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. நெய்வேலிப் பக்கம் அப்போது புதுப்புதுக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. ராணுவ வீரர்கள் நிஜ டாங்கியில் ஏறுமுன் திரைக்கு எதிரே உட்கார்ந்து சண்டை பழகும் சிமுலேட்டர்களை அங்கே செய்தார்கள். சென்னைக்குப் பஸ் ஏற இருந்த பிள்ளைகளெல்லாம் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அந்த வாசல்களில் நின்றார்கள். சுரங்கத்தை விட்டால் வேறு பேச்சில்லாத ஊருக்குத் திருவிழா வந்த மாதிரி இருந்தது.

சித்தி கான்ட்ராக்டில் சேர்ந்திருந்தாள். திரையில் வர அவள் செய்யும் எதிரி ஊர் ராணுவ அதிகாரிக்குப் பிடித்துவிட்டால் பெர்மனன்ட். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்காகச் சாமிக்கே நேர்ந்துகொண்டிருந்தார்கள்.

எதிரி ஊரை அவள் எங்கே கண்டாள், பாவம். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய் சுரங்க நகரியத்தில் நாங்கள் குடியிருந்த பிளாக்கையே தெருத்தெருவாகப் படம் பிடித்து வந்து, அப்படியே கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டாள்.

அதிகாரி வந்த அன்று வீட்டாரையும் அழைத்திருந்தார்கள். அம்மா வரவில்லை, நான் சித்தியோடு தொற்றிக்கொண்டேன். டாங்கி மாதிரியே ஓர் இரும்புப் பெட்டி, உள்ளே ஸ்டியரிங், கண்ணுக்கு நேரே திரை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எதிரித் தளபதி ஒளிந்திருக்கும் வீட்டைக் கண்டுபிடித்துச் சுட வேண்டும், அதுதான் பயிற்சி. வெளியூர் இன்ஜினியர் ஒருவர் ஏறி, ஒரே அச்சில் வார்த்த குவார்ட்டர்ஸுகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்.

"வீட்டையே கண்டுபிடிக்க முடியலன்னா இதுல என்னங்க பயிற்சி?" என்றார் அதிகாரி. சித்தியின் முகம் செத்துவிட்டது. சட்டென்று என்னைத் தூக்கிப் பெட்டிக்குள் உட்காரவைத்தாள்.

"ஸ்கூல் விட்டு வர்ற மாதிரி நம்ம வூட்டுக்கு வா. போதும்."

தண்ணீர்த் தொட்டி, பால் பூத், அப்புறம் நாய் படுத்திருக்கும் திருப்பம். பிளாக் நம்பரை யார் பார்த்தார்கள்? வேறு யார் வீட்டுக்குள்ளோ நுழைந்து, பையை வீசிவிட்டுச் சோறு கேட்டு, ஒரு தடவை மானம் போனால் நகரியத்துப் பிள்ளைகளுக்கு வழி தானாகவே மனப்பாடமாகிவிடும். இதோ எங்கள் முருங்கை மரம். கொடியில் அம்மாவின் நீலப் புடவைகூட இருந்தது. சந்தோஷம் தாங்காமல் "எங்க வூடு" என்று கத்தினேன்.

"சுடும்மா" என்றார் அதிகாரி. பட்டனை அழுத்தினேன். வீடு புகையாகிப் போனது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"ஊர்க்காரங்களுக்குத் தெரியுது, வெளியாளுக்குக் குழம்புது. நிஜ ஊர் இப்படித்தாங்க இருக்கும்" என்று அவர் சித்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அங்கேயே பெர்மனன்ட் ஆகிவிட்டது.

ஜாங்கிரியோடு வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அம்மா சிரித்துக்கொண்டே கேட்டுவந்தவள், கடைசியில், "அந்த வூட்டுல யாராவது இருந்தாங்களாடி?" என்றாள்.

"தெரியலம்மா. உன் நீலப் புடவை காஞ்சிகினு இருந்துச்சு."

அம்மா எழுந்து கொல்லைக்குப் போய், ஈரம் போகாத அந்த நீலப் புடவையைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டு வந்தாள். எனக்குப் பின்னால் வந்து சேர்ந்திருந்த சித்தி தன் ஜாங்கிரியைத் தொடவே இல்லை. வேலை கிடைத்த நாளில் இவர்களுக்கு என்ன வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. சித்தி பங்கையும் நானே தின்றேன்.